மூச்சைப் பார்த்துக் கருவி தந்த கடை

லண்டன் தூட்டிங்கில் இருக்கும் அந்த வேப் (இலத்திரனியல் சிகரெட்) கடைக்குள் நான் நுழைந்தபோது, கவுண்டரில் நின்ற பையன் என்ன சுவை வேண்டும் என்று கேட்கவில்லை. எவ்வளவு செலவழிக்க உத்தேசம் என்றும் கேட்கவில்லை. "அங்கிள், நீங்கள் சிகரெட்டை எப்படி இழுப்பீர்கள்? வாய்க்குள் வாங்கிவிட்டுப் பிறகு இறக்குவீர்களா, நேரே நெஞ்சுக்கா?" என்றான். முப்பது வருடம் புகைத்தவன் நான். அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் தெரியாமல் நின்றேன்.

அவன் ஒரு காகித ஸ்ட்ரோவை எடுத்துத் தந்தான். சிகரெட் என்று நினைத்து இழுத்துக் காட்டச் சொன்னான். இழுத்தேன். "கன்னம் இரண்டும் உள்ளே குழிகிறது பாருங்கள். முதலில் வாய்க்குத்தான் எடுக்கிறீர்கள். பிறகுதான் மூச்சோடு கீழே போகிறது. உங்களுக்கு இறுக்கமாக இழுபடும் சின்னக் கருவிதான் சரிவரும்" என்றான். அந்தக் கடையைப் பற்றியும், அன்று அவன் எடுத்துத் தந்த கருவியைப் பற்றியும், அதை இழுக்கப் பழகிய விதத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிகரெட்டை விட முடியாமல், வேப்பும் ஒத்துவராமல், நடுவில் தத்தளிக்கும் எங்கள் ஆட்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே எழுதுகிறேன். புகைக்காதவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் வேப்பின் பக்கமே போகத் தேவையில்லை.

நான் லண்டனில் பஸ் சாரதி. பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு லொட்ஜின் மொட்டை மாடியில் பற்றவைத்த கோல்ட் லீஃபில் தொடங்கி 2023 நவம்பர் வரை, ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாமல் புகைத்திருக்கிறேன். ஒவ்வொரு முனையத்திலும் இறங்கினால் ஒன்று, புறப்படும் முன் ஒன்று. தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டை, சூயிங் கம், மாத்திரை எல்லாம் முயன்று பார்த்தேன். ஆறு வாரத்துக்கு மேல் எதுவும் நிலைக்கவில்லை.

அந்தக் கடைக்குப் போவதற்கு முன்பு இரண்டு தடவை வேப் முயன்று தோற்றிருந்தேன். முதலாவது, பாவித்துவிட்டு எறியும் சிறு குழாய். 2025 ஜூன் 1 முதல் இங்கே அதன் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. அதன் இனிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டாவது முயற்சியில்தான் நன்றாக அடிபட்டேன். கைத்தொலைபேசி உறை விற்கும் ஒரு கடையில், உள்ளங்கையை நிறைக்கும் பெட்டி போன்ற பெரிய கருவி ஒன்றைத் தந்தார்கள். "நீங்கள் கூடப் புகைக்கிறவர், உங்களுக்குப் பெரியதுதான் வேண்டும்" என்றார்கள். அதற்குள் ஊற்ற, மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின் உள்ள திரவத்தையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். பஸ் டிப்போவின் பின்பக்கம் நின்று நான்கு இழுவை இழுத்தேன். தலை சுற்றி, நெஞ்சு படபடத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அன்று மாலையே சிகரெட்டுக்குத் திரும்பிவிட்டேன். வேப் என்பது நமக்கு ஆகாது என்ற முடிவுக்கும் வந்துவிட்டேன்.

பிழை வேப்பில் இல்லை, பொருத்தத்தில் என்பதைத் தூட்டிங் பையன்தான் விளங்கப்படுத்தினான். இழுவை இரண்டு வகை. ஒன்று, சூடான தேநீரை உறிஞ்சுவது போல. ஆவியை முதலில் வாய்க்குள் எடுத்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு சாதாரண மூச்சோடு உள்ளே விடுவது. சிகரெட் புகைப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த வகைதான். மற்றது, தடிமன் பிடித்தால் போர்வைக்குள் இருந்து வேது பிடிக்கிறோமே, அதுபோல. வாயில் தங்காமல் நேரே நுரையீரலுக்கு நீண்ட மூச்சாக இழுப்பது. முதல் வகைக்குக் காற்றுவழி ஒடுக்கமாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு அகலமாக இருக்க வேண்டும். ஒடுங்கிய கருவியில் வேது பிடிக்கப் போனால் மூச்சு முட்டும். அகன்ற கருவியில் தேநீர் உறிஞ்சப் போனால் வாய் நிறையக் காற்றுத்தான் வரும்.

கருவிக்குள் இருப்பது ஒரு கொயில். பஞ்சைச் சுற்றி அல்லது பஞ்சோடு ஒட்டி இருக்கும் சிறு கம்பி அல்லது வலை. பஞ்சு திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகித் திரவம் ஆவியாகும். அந்தக் கம்பியின் மின்தடையை ஓம் கணக்கில் எழுதியிருப்பார்கள். 1 ஓம் அல்லது அதற்கு மேல் என்றால் சூடு குறைவு, ஆவி கொஞ்சம். வாய் இழுவைக்கு உரியது. 0.5 ஓமுக்குக் கீழே போனால் சூடும் கூடும், ஆவியும் மேகம் போல் வரும். அது நேர் இழுவைக்காரருக்கு. ஆவி கொஞ்சமாக வரும் கருவியில் நிக்கொட்டின் கூடிய திரவம் ஊற்றலாம். மேகம் கக்கும் கருவியில் 3 மில்லிகிராம் போன்ற மெல்லிய திரவம்தான் ஊற்ற வேண்டும். எனக்கு விற்றவர்கள் மேகம் கக்கும் கருவிக்குள் 20 மில்லிகிராமை ஊற்ற வைத்திருக்கிறார்கள். ஒரு இழுவையில் வரவேண்டியதைப் போலப் பல மடங்கு உள்ளே போயிருக்கிறது. வாந்தி வராமல் என்ன செய்யும்?

இதைக் கேட்டபோது எனக்கு அம்மப்பாவின் நினைவு வந்தது. உரும்பிராயில் அவருக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. பின்னேரம் திண்ணையில் இருந்து சுருட்டுப் பிடிப்பார். புகையை வாய்க்குள் வைத்திருந்து, மெல்ல மெல்ல வெளியே விடுவார். ஒருநாளும் நெஞ்சுக்குள் எடுத்ததை நான் காணவில்லை. பையனிடம் சொன்னேன். அவன் அதற்கும் காரணம் வைத்திருந்தான். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது, அதனால் வாயின் தோல் வழியாகவே நிக்கொட்டின் உடலுக்குள் ஊறிவிடும். சிகரெட் புகை அமிலப் பக்கம் இருப்பதால் நுரையீரலுக்குப் போனால்தான் வேலை செய்யும். வேப் திரவத்திலும் இதே கணக்கு இருக்கிறது என்றான். வெறும் நிக்கொட்டினாகக் கலந்த திரவம் காரப் பக்கம். அளவு கூடினால் தொண்டையைக் காறும். பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உப்பாக மாற்றிய நிக்கொட்டின், அதே 20 மில்லிகிராமிலும் தொண்டைக்கு மெதுவாக இருக்கும். நாளுக்கு இருபது சிகரெட் புகைத்தவன் சின்னக் கருவியோடு தொடங்கும்போது நிக்கொட்டின் உப்புத்தான் நல்லது. 20 மில்லிகிராமுக்கு மேல் இங்கே சட்டப்படி விற்கவும் முடியாது. 2016 முதல் பிரிட்டனில் உள்ள விதி: அதிகபட்சம் ஒரு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின், கருவியின் திரவத் தாங்கி 2 மில்லிலீட்டர், நிக்கொட்டின் உள்ள போத்தல் 10 மில்லிலீட்டர். அதற்குமேல் எழுதியிருக்கும் பெட்டி எதையும் இங்கே கண்டால் வாங்காதீர்கள். அது வழிமாறி வந்த பொருள்.

அவன் எனக்கு எடுத்துத் தந்தது வேப்பரெஸ்ஸோ நிறுவனத்தின் எக்ஸ்ராஸ் 3. ஒரு தடித்த பேனை அளவு. 1000 மில்லி ஆம்பியர் மணி பட்டரி உள்ளேயே பூட்டியிருக்கிறது. காலை ஐந்து மணி வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீடு திரும்பும்வரை எனக்கு அது போதுமாக இருந்தது. திரவம் ஊற்றும் சிறு குப்பியை, பாட் என்கிறார்கள், வாய்வைக்கும் மூடியைக் கழற்றி மேலிருந்து நிரப்பலாம். கையில் ஒட்டாது. பஸ் சாரதிக்கு அது முக்கியம். நிக்கொட்டின் திரவம் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கருவியின் உடலில் ஒரு சிறு நகர்த்தி இருக்கிறது. அதைத் தள்ளிக் காற்றுவழியைக் கூட்டலாம், குறைக்கலாம். எனக்கு இந்த நகர்த்திதான் இந்தக் கருவியின் உயிர். முதல் மாதம் முழுக்க அதை ஒடுக்கிவைத்து, பழைய சிகரெட்டின் இழுவை எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு வைத்திருந்தேன். உதடு வேறுபாட்டை உணரவில்லை.

பெட்டிக்குள் இரண்டு பாட் வந்தன, 1 ஓமில் ஒன்று, 0.6 ஓமில் ஒன்று. பையன் 0.6 ஐத் தனியே எடுத்து, "இதை இப்போது தொடாதீர்கள்" என்று உறைக்குள் வைத்துத் தந்தான். இந்த ஒரு செயலுக்காகவே அந்தக் கடைக்கு நூறு மதிப்பெண் கொடுப்பேன். கொயில் பாட்டோடு சேர்ந்தே இருப்பதால் கொயில் தேய்ந்தால் முழுப் பாட்டையும் மாற்ற வேண்டும். கொயிலை மட்டும் கழற்றி மாற்றும் தாங்கிகளை விட இது செலவு. நித்திரைக் கலக்கத்தில் கொயில் கழற்றிப் பூட்டுவதைவிட இது எனக்கு இலகு, அதனால் ஏற்றுக்கொண்டேன். பொறுமை உள்ளவர்கள், ஒரு பவுணும் வீணாகக் கூடாது என்பவர்கள், கொயில் மாற்றும் வகையைப் பார்க்கலாம். எக்ஸ்ராஸ் வரிசையில் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. பாட்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் பழையது வைத்திருப்பவர்கள் அவதிப்படத் தேவையில்லை.

வாங்கியதும் இழுக்க விடவில்லை. திரவத்தை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் மேசையில் வைத்தான். பஞ்சு முழுதும் நனைய வேண்டும். நனையாத பஞ்சில் கம்பி சூடானால் பஞ்சு கருகும். கருகிய பஞ்சின் சுவையை ஒருமுறை அனுபவித்தவர் மறக்கமாட்டார்; அந்தப் பாட்டும் அதோடு முடிந்தது. புதுப் பாட் போடும் ஒவ்வொரு முறையும் இந்தப் பத்து நிமிடத்தை நான் இன்றும் காத்திருக்கிறேன்.

பிறகு இழுக்கப் பழக்கினான். நான் சிகரெட் வேகத்தில் சுருக்கென்று இழுத்தேன். தொண்டைக்குள் களகள என்று சத்தம், நாக்கில் சூடான துளி ஒன்று தெறித்தது, இருமினேன். கடைக்குள் நின்ற இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "நெருப்பு இல்லை அங்கிள். இழுத்து இழுத்துத் தணலைக் காப்பாற்ற வேண்டியதில்லை" என்றான் பையன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிகரெட்டில் பலமாக இழுத்தால் தணல் கூடும், புகை கூடும். வேப்பில் பலமாக இழுத்தால் திரவம்தான் கொயிலுக்குள் வெள்ளமாக ஏறும். சூட்டைத் தருவது பட்டரி. நாங்கள் செய்யவேண்டியது காத்திருப்பது மட்டும்.

அவன் சொல்லித் தந்த முறை இதுதான். உதட்டை இறுக்காமல் வைத்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெதுவாக வாய்க்குள் இழுக்க வேண்டும். நான்கு வரை போகலாம். வாயை எடுத்து, உதட்டோரம் கொஞ்சம் வெளிக்காற்றும் சேர, வழக்கமான மூச்சாக உள்ளே எடுக்க வேண்டும். உடனே விட்டுவிடலாம். மூச்சை அடக்கிப் பிடித்து வைத்திருப்பதால் பிரயோசனம் இல்லை, இருமல்தான் வரும். அடுத்த இழுவைக்கு அரை நிமிடமாவது இடைவெளி. பஞ்சு மறுபடி நனைவதற்கும், உள்ளே போன நிக்கொட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்து "போதும்" என்று சொல்வதற்கும் அந்த நேரம் வேண்டும்.

இந்தக் கடைசி விடயத்தில்தான் புகைத்துப் பழகியவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன். சிகரெட் தரும் குத்து சில வினாடிகளில் வரும். வேப்பில், அதுவும் பழகாத இழுவையில், அது மெதுவாகத்தான் ஏறும். முதல் நாள் மூன்று இழுவை இழுத்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நினைத்தேன். பத்து நிமிடம் பொறுத்தபோது நெஞ்சுக்குள் இருந்த அந்தக் குடைச்சல் அடங்கியிருந்தது. சிகரெட்டுக்கு முடிவு இருக்கிறது, பஞ்சு வரை எரிந்தால் எறிந்துவிடுவோம். வேப்புக்கு அது இல்லை. ஆகவே நானே ஒரு கணக்கு வைத்தேன்: முனையத்தில் இறங்கினால் எட்டு இழுவை, பிறகு சட்டைப் பைக்குள். தலை இலேசாகச் சுற்றினாலோ குமட்டினாலோ எட்டுக்கு முன்பே நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு நடப்பேன். வாய் காய்வது பலருக்கும் வரும், திரவத்தில் உள்ள கிளிசரினும் கிளைக்கோலும் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பக்கத்தில்.

திரவத்தில் ஆவியை உண்டாக்கும் புரொபிலீன் கிளைக்கோலும் தாவரக் கிளிசரினும் எவ்வளவு வீதம் என்று போத்தலில் எழுதியிருக்கும். எனக்கு 50க்கு 50. கிளிசரின் 70 வீதம் உள்ள தடித்த திரவத்தை ஒருமுறை தள்ளுபடியில் வாங்கி ஊற்றிப் பார்த்தேன். சின்னப் பாட்டின் பஞ்சு அதை வேகமாக உறிஞ்ச முடியாமல் இரண்டாம் நாளே கருகல் வாடை வந்தது. அது பெரிய கருவிக்காரருக்கு உரியது. சுவையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. புகையிலைச் சுவையில் தொடங்கினேன், மூன்று மாதத்தில் அது சிகரெட்டை ஞாபகப்படுத்தத் தொடங்கியது, மென்தோலுக்கு மாறினேன்.

நான்கு வாரம் கழித்து, புகை நிறுத்தும் சேவையில் உள்ள தாதியிடம் போனேன். அவர் மூச்சில் கார்பன் மொனொக்சைட் அளக்கும் சிறு கருவியை ஊதச் சொன்னார். முதல் நாள் ஊதியபோது 24 காட்டியது. அன்று 3. எரிதல் இல்லாததால் அந்த வாயு இல்லை. தாதி அந்த எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். முனையத்தின் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறிய நாள் அதற்கு அடுத்த வாரம் வந்தது.

இதைப் பூரண பாதுகாப்பு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சிகரெட்டைவிடக் கெடுதி மிகக் குறைவு, கெடுதியே இல்லாதது அல்ல. தேசிய சுகாதார சேவை சொல்வதும் அதுதான். 2019இல் இங்கே ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. புகை நிறுத்தும் சேவைகளுக்கு வந்த 886 பேரில், வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 வீதமானோர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பட்டை, சூயிங் கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் 9.9 வீதம். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு: வேப்பால் விட்டவர்களில் 80 வீதமானோர் ஒரு வருடத்தின் பின்னும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த எண்பதில் ஒருவன். அதனால்தான் 20 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறங்க ஒரு வருடம் எடுத்தேன்.

போன தை மாதம் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குச் சென்னை வழியாக யாழ்ப்பாணம் போனேன். கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இலத்திரனியல் சிகரெட்டைக் கொண்டுபோவதும் விற்பதும் குற்றம். இலங்கையிலும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். மருந்துக்கடையில் நிக்கொட்டின் பட்டை வாங்கி, இரண்டு வாரமும் காலையில் தோளில் ஒட்டிச் சமாளித்தேன். திண்ணையில் இருந்த மாமா சுருட்டு நீட்டினார். வேண்டாம் என்றேன்.

கடையைப் பற்றி இரண்டு குறை. ஒன்று, உட்கார ஓர் இருக்கை இல்லை; பழகும்போது தலை சுற்றினால் சுவரில்தான் சாய வேண்டும். இரண்டாவது, கண்ணாடிக்குள் பழங்களின் வண்ணப் பெட்டிகளை வாசல் பக்கமே அடுக்கியிருக்கிறார்கள். அந்தத் தெருவால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். இதைப் பையனிடம் சொன்னேன். முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன் அங்கிள் என்றான். சீருடையை மறைக்க மேலே ஜாக்கெட் போட்ட ஒரு சிறுவன் ஒருநாள் உள்ளே வந்தபோது, அடையாள அட்டை கேட்டு, இல்லை என்றதும் கதவுவரை கூடப்போய் அனுப்பிவிட்டு வந்ததை என் கண்ணால் கண்டேன்.

விலை: கருவிக்கு அன்று 22 பவுண் கொடுத்தேன். திரவம் ஒரு போத்தல் 4 பவுணுக்குள், எனக்கு ஐந்து நாள் வரும். சிகரெட்டுக்கு ஒரு நாளைக்கே அதைவிடப் பல மடங்கு போய்க்கொண்டிருந்தது. 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிலீட்டருக்கு 2 பவுண் 20 பென்ஸ் வரி என்று அரசு அறிவித்திருக்கிறது. அதைக் கூட்டினாலும் சிகரெட் விலைக்குக் கிட்ட வராது.

வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் திரவப் போத்தலை மருந்துகளோடு மேல் தட்டில் பூட்டி வையுங்கள். அது நஞ்சு. மூடியை அழுத்தித் திருகினால்தான் திறக்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

கடந்த சனிக்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போயிருந்தேன். பாட் வாங்கத்தான். பையன் அலுமாரியிலிருந்து 5 மில்லிகிராம் மென்தோல் ஒன்றை எடுத்து, 10ஓடு பாதிப் பாதி கலந்து இரண்டு வாரம் பாருங்கள், உடல் கேட்டால் திரும்பிப் போகலாம் என்றான். நேற்றிரவு கலந்து, புதுப் பாட்டில் ஊற்றி, பத்து நிமிடம் சமையலறை மேசையில் வைத்தேன். இன்று முதல் முனையத்தில் ஏழாவது இழுவையோடு சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.